கேஸ் யார் மேல்? வாசகர் கேள்விகளுக்கு வக்கீல் பதில்

போன இதழில் பாலியல் தொழில் பற்றி வந்த ஒரு கேள்விக்கு, "அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக நடத்துவதை நிறுத்த வேண்டும், அதற்காக லைசென்ஸ் கொடுத்துக் கடை திறக்கவும் வேண்டாம்" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். இரண்டு வரி போதவில்லை போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி திட்டு. திட்டியவர்களுக்கும் சேர்த்து இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கே: உச்ச நீதிமன்றம் 2022இலேயே இதைச் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஆனால் பேப்பரைத் திறந்தால் "மசாஜ் சென்டரில் விபசாரம், புரோக்கர் கைது, அழகிகள் மீட்பு" என்று வாரம் தவறாமல் வருகிறது. எது உண்மை?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

வாட்ஸ்அப்பில் வந்தது தப்பு ஐயா, பேப்பரில் வருவது நடப்பு. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளியை ஒருவன் அடித்தே கொன்றான். அவனுடைய மேல்முறையீட்டை 2011இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அத்தோடு கோப்பை மூடாமல், இத்தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்குமான பொதுநல வழக்காக அதை மாற்றி ஒரு குழுவையும் போட்டது. அந்தக் குழு கொடுத்த பரிந்துரைகளின் மேல்தான் 2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான மூவர் அமர்வு உத்தரவு போட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் புகார் கொடுக்க வந்தால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் அத்தனை உதவியும் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும், ரெய்டு என்று போகும்போது படமோ பெயரோ வெளியே வரக் கூடாது, ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது. இப்படிச் சிலவற்றை மாநிலங்கள் கட்டாயம் அமல்படுத்தச் சொன்னது. வயது வந்தவர் தன் சம்மதத்தோடு செய்தால் போலீஸ் தலையிடக் கூடாது என்பதும் குழுவின் பரிந்துரைதான். ஆனால் சில பரிந்துரைகளுக்கு மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை, கட்டாயம் செய்யச் சொன்ன பட்டியலில் இது இல்லை. டிவிக்காரர்கள் பட்டியல் வரை படிக்கவில்லை.

சட்டத்தில் ஒரு வரியைக் கூட நீதிமன்றம் அடிக்கவில்லை. வயது வந்த ஒரு பெண் தனியாக, தன் விருப்பத்தில், நாலு சுவருக்குள் செய்வது 1956இல் சட்டம் வந்த நாளிலிருந்தே குற்றம் இல்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாமே குற்றம். அந்தச் சுற்றில்தான் போலீஸுக்கு வேலை, எங்களுக்கும் வேலை.

கே: செய்வது குற்றமில்லை என்றால் குற்றநீக்கம் என்று எதைக் கேட்கிறீர்கள் மேடம்? இருக்கும் சட்டத்தில் என்ன குறை?
(சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம், 1956. முதலில் 8ஆம் பிரிவு. பொது இடத்தில் ஆளைக் கூப்பிட்டால் குற்றம், ஜன்னலோரம் உட்கார்ந்தோ பால்கனியில் நின்றோ சைகை காட்டி அழைத்தாலும் குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. இதையே ஒரு ஆண் செய்தால்? ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று மாதம் வரை. அதே குற்றம், ஆணுக்கு உச்ச தண்டனையில் பாதி. 1986இல் திருத்தியபோது யோசித்து எழுதியதுதான் இது, அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது 7ஆம் பிரிவு. கோயில், பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தால் குற்றம். தெருமுனைக்குத் தெருமுனை பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் ஊரில் 200 மீட்டர் தள்ளி எங்கே போவது? சென்னை வரைபடத்தில் டேப் வைத்து அளந்தால் கடலுக்குள்தான் இடம் கிடைக்கும். அப்புறம் 2ஆம் பிரிவு. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, இருவரும் தங்கள் ஆதாயத்துக்காக அங்கே தொழில் செய்தால், அந்த வீடு சட்டப்படி விபசார விடுதி. விடுதி நடத்துவதற்கு ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல். வருகிற ஆள் குடித்துவிட்டுக் கத்தியை எடுத்தால் கூப்பிடு தூரத்தில் ஒருத்தி இருக்கட்டுமே என்றுதான் இரண்டு பேராக இருப்பார்கள். சட்டம் சொல்வது, தனியாக இரு, இல்லையென்றால் நீயே விடுதி முதலாளி. இதற்கெல்லாம் மேலே 10ஏ. 7, 8ஆம் பிரிவுகளில் தண்டனை பெறும் பெண்ணை, சிறைக்குப் பதிலாக இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை சீர்திருத்த நிலையத்துக்கு அனுப்பலாம். ஆறு மாதத் தண்டனையுள்ள குற்றத்துக்குத் திருத்துகிறோம் என்ற பெயரில் ஐந்து வருஷம்!

புத்தகத்தை விட்டு மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவுக்கு வந்தால் கதை இன்னும் சின்னது, இன்னும் கேவலமானது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நாலைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். எஃப்ஐஆரைப் படித்தால் போன வாரம் படித்ததுதான்: "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்", கஸ்டமர் மாதிரி போன ஒரு ஆள், மறுநாள் கூப்பிட்டாலும் வராத இரண்டு சாட்சிகள், கைப்பற்றிய பொருளாக ஒரு செல்போன், கொஞ்சம் ரூபாய், இரண்டு ஆணுறை. ஆமாம், கூடாது என்று உத்தரவு இருந்தும் மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள் பட்டியலில், ஆணுறை வரும். அறைக்குள் இருந்த ஆள் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் இருக்க மாட்டார், இருந்தாலும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து வாங்கிவிடுவார். 2022 ஜூனில் மசாஜ் சென்டர் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒருவரை விடுவித்தது, சட்டப்படி சரியான தீர்ப்புதான். அந்தப் பெண்கள் உயர் நீதிமன்றம் வரை வருவதில்லை. ஃபைன் கட்டிவிட்டு, அந்த ஃபைனைச் சம்பாதிக்க அன்று ராத்திரியே திரும்பப் போகிறார்கள். தெருவில் நிற்பவர்களுக்கு இந்தச் சட்டம் கூட வேண்டாம், சிட்டி போலீஸ் சட்டத்தின் 75ஆம் பிரிவில், பொது இடத்தில் ரகளை என்று ஒரு சில்லறைக் கேஸ் போதும். கணக்குக் காட்ட ஆள் குறைகிற மாதக் கடைசியில் அது கூடும். மாமூல் கொடுப்பவர்களுக்கு அதுவும் வராது.

நான் கேட்கிற குற்றநீக்கம் இதுதான்: 8 போகட்டும், 7இல் அந்தப் பெண்ணை விட்டுவிடட்டும், இரண்டு பேர் சேர்ந்திருப்பதை விடுதி என்று சொல்வது போகட்டும், 10ஏ போகட்டும். கடத்தி வருபவன், அடைத்து வைப்பவன், சிறுமியை விற்பவன் மேல் உள்ள பிரிவுகளில் ஒரு கமாவைக் கூடத் தொட வேண்டாம்.

கே: பேசாமல் லைசென்ஸ் கொடுத்து, ஊருக்கு வெளியே ஒரு ஏரியா ஒதுக்கி, மாதம் ஒரு தடவை டாக்டர் செக்கப் கட்டாயம் என்று வைத்துவிட்டால் அரசுக்கு வரியும் வரும், நோயும் பரவாது. இதில் உங்களுக்கு என்ன தகராறு?
(பனியன் கம்பெனி உரிமையாளர், திருப்பூர்)

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, ஆனால் இதை நம் ஊரில் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. வெள்ளைக்காரன் 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். மெட்ராஸ் உட்படப் பெரிய நகரங்களில் பெண்கள் பெயரைப் பதிய வேண்டும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரி என்ற பால்வினை நோய் மருத்துவமனையில் அடைப்பு. பட்டாளத்துக்காரனுக்கு மேகநோய் வரக் கூடாது என்பதுதான் மொத்த நோக்கம், ஆனால் பட்டாளத்துக்காரன் பெயரைப் பதியச் சொல்லவில்லை. நடந்தது என்ன? பதியாமல் ஓடி ஒளிந்தவர்கள் ஒருபக்கம், பதிந்துவிடுவேன் என்று மிரட்டிக் காசு பிடுங்கிய போலீஸ் மறுபக்கம். இருபது வருஷத்தில், 1888இல், அந்தச் சட்டத்தை அவர்களே தூக்கிப் போட்டார்கள்.

அது பழைய கதை என்றால், 1986க்கு வாருங்கள். இந்தியாவில் முதல்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், 1956 சட்டத்தில் பிடித்து அரசுக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள், ஆறு பேருக்கு இருந்தது. அடுத்து அரசு செய்தது என்ன தெரியுமா? நோய் இருப்பவர்களைக் காவல் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. ஒரு பொதுநல வழக்கில் 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விட்டார்கள். டெஸ்டுக்கு வந்தால் அடைப்பார்கள் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? நோய் பிற்பாடு குறைந்தது வேறு வழியில். அதே தொழிலில் இருக்கும் பெண்களையே பயிற்சி கொடுத்து, ஆணுறையும் ஆலோசனையுமாக மற்றப் பெண்களிடம் அனுப்பினார்கள். கொல்கத்தா சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய வேலையிலிருந்துதான் 1995இல் அந்தப் பெண்களின் சொந்தச் சங்கமான துர்பார் பிறந்தது. இந்த முறையைத்தான் அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் நாடு முழுக்கப் பரப்பியது. 2017 கணக்கெடுப்பில் பெண் பாலியல் தொழிலாளர்களிடம் எச்ஐவி சுமார் 1.6 சதவீதம். கட்டாய டெஸ்டு இல்லாமலே.

இப்போதைக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 2002இல் சட்டபூர்வமாக்கி, 2017 ஜூலை முதல் ஒவ்வொருவரும் அரசிடம் பதிந்து அட்டை வாங்க வேண்டும் என்றார்கள். 2023 கடைசியில் பதிவில் இருந்தவர்கள் ஏறக்குறைய 30,600 பேர். அவ்வளவு பெரிய நாட்டில் அது மொத்தக் கணக்கு என்று அங்கே யாரும் நம்பவில்லை. மீதிப் பேர் பதியவில்லை, ஆகவே இன்னும் சட்டத்துக்கு வெளியே. ஜெர்மனியிலேயே இந்த நிலை என்றால், "மகள் கல்யாணத்தில் யாராவது கண்டுபிடித்துவிட்டால்" என்று பயந்து தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு செங்கல்பட்டில் தொழில் செய்கிற அம்மா, தாலுகா ஆபீஸ் கவுன்டரில் நின்று லைசென்ஸ் வாங்குவாரா? வாங்குபவர் விடுதி முதலாளியாகத்தான் இருப்பார்.

கே: எந்த நாட்டிலாவது உருப்படியாக நடக்கிறதா?
(ஐ.டி. ஊழியர், கோவை)

நியூசிலாந்தில் ஓரளவு. 2003இல் ஆதரவு 60, எதிர்ப்பு 59 என்று ஒரே ஓட்டில் தப்பிப் பிழைத்த சட்டம். தானே முன்பு இந்தத் தொழிலில் இருந்த ஜார்ஜினா பேயர் என்ற திருநங்கை எம்.பி. அன்று அவையில் எழுந்து பேசினார். அங்கே நாலு பேர் வரை, ஒருவருக்கு ஒருவர் முதலாளியாக இல்லாமல், ஒரு வீட்டில் சேர்ந்து தொழில் செய்ய எந்த உரிமமும் வேண்டாம். அதைவிடப் பெரிதாக நடத்துகிறவர்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். பதிவேடு முதலாளிக்கு, தொழிலாளிக்கு இல்லை. ஒத்துக்கொண்ட பிறகும் எந்த நேரத்திலும் முடியாது என்று மறுக்கலாம். 2014இல் விடுதிக்காரர் ஒருவர் பாலியல் தொந்தரவு கொடுத்தார் என்று ஒரு பெண் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய் 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். பாலியல் தொழிலாளிக்குப் பாலியல் தொந்தரவா என்று நம்மூரில் சிரிப்பார்கள், தீர்ப்பாயம் சிரிக்கவில்லை. குறையும் உண்டு: தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, பிடித்தால் நாடு கடத்தல்தான், அதனால் அவர்களை மிரட்டுவது சுலபம். பெல்ஜியம் 2024 டிசம்பரிலிருந்து வேலை ஒப்பந்தம், பிரசவ விடுப்பு, ஓய்வூதியம் வரை கொடுக்கிறது. பலன் தெரிய இன்னும் சில வருஷம் ஆகும்.

கே: விற்பவளை விட்டுவிட்டு வாங்குபவனைப் பிடித்தால் தொழிலே ஒழிந்துவிடாதா? ஸ்வீடனில் அப்படித்தானே?
(பேராசிரியை, திருநெல்வேலி)

ஸ்வீடனில் 1999 முதல் அப்படித்தான். நார்வே, அயர்லாந்து, பிரான்ஸ் எல்லாம் பின்னால் போயின. பிரான்ஸின் 2016 சட்டத்தை எதிர்த்துப் பாலியல் தொழிலாளர்கள் போட்ட வழக்கில், அவர்களின் உரிமை மீறப்படவில்லை என்றுதான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024இல் சொன்னது. நம் நாட்டிலும் பெண் கடத்தலை எதிர்த்துப் போராடும் ருச்சிரா குப்தா போன்றவர்கள், இது தொழிலே இல்லை, சுரண்டல், சுரண்டுபவனைத் தண்டியுங்கள் என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். நியாயம் இல்லாத வாதம் என்று நான் சொல்ல மாட்டேன், அதில் உள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தெருவில் அது என்னவாகிறது? கஸ்டமர் பயந்தால், வெளிச்சத்தில் நின்று பேரம் பேச மாட்டான், வண்டியில் ஏறு, அப்புறம் பேசலாம் என்பான். ஆள் எப்படி, குடித்திருக்கிறானா என்று பார்க்கக் கிடைக்கும் அந்த இரண்டு நிமிஷமும் போய்விடும். நார்வேயில் அதோடு நிற்கவில்லை, இந்தப் பெண்களுக்கு வீடு கொடுத்தவர்கள் மேல் கேஸ் வரும் என்று மிரட்டியே அவர்களை வீட்டை விட்டு விரட்டியது ஆஸ்லோ போலீஸ்.

நம் நாட்டிலும் 2006இல் ஒரு திருத்த மசோதா வந்தது. 8ஆம் பிரிவை நீக்குவோம், பதிலுக்குக் கஸ்டமரைத் தண்டிப்போம் என்றது. முதல் பாதிக்கு யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, இரண்டாம் பாதியில் முட்டிக்கொண்டது. 2009இல் அந்த மக்களவையோடு மசோதாவும் காலாவதி. நல்ல பாதியும் சேர்ந்து போனதுதான் மிச்சம்.

கே: வக்கீல் அம்மா, யாராவது விரும்பி இதற்கு வருவார்களா? உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்புவீர்களா?
(வாசகர், விழுப்புரம்)

அனுப்ப மாட்டேன். சாக்கடைக்குள் இறங்கி அடைப்பு எடுக்கவும் அனுப்ப மாட்டேன். அதற்காக இறங்குகிறவரைப் பிடித்து ஜெயிலில் போடு என்று சொல்வேனா?

விரும்பி என்பது பற்றி. என்னிடம் வந்தவர்களில் சின்ன வயதில் ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். புருஷன் விட்டுப் போனபின், வீட்டு வேலையில் வருவது வாடகைக்கே சரியாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றுவதுதான் இன்றைய முறை. முதலாமவருக்கு அது மீட்பு, சந்தேகமே இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, போக்சோ இருக்கிறது, கடத்தலுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 143, 144ஆம் பிரிவுகள் இருக்கின்றன. இரண்டாமவருக்கு அதே வேன் கைதுதான். 2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. மூன்று பெண்கள், மூவரும் வயது வந்தவர்கள், யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை, ஆனால் அவர்கள் நன்மைக்காக என்று காப்பகத்தில் வைத்திருந்தார்கள். வயது வந்தவர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்க முடியாது என்று நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இன்னொன்றும் இருக்கிறது, எந்த வீட்டில் சிறுமியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் தெரிவது பக்கத்து அறைப் பெண்ணுக்குத்தான். அவள் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னால் அவள் மேலேயே கேஸ் விழும் என்ற நிலை இருக்கும் வரை, வர மாட்டாள்.

கே: இதை அனுமதித்துவிட்டால் பலாத்காரக் குற்றங்கள் குறையும் என்கிறார்களே?
(வாசகி, வேலூர்)

டீக்கடை ஆராய்ச்சி. ஊரில் உள்ள மற்றப் பெண்களைக் காப்பாற்ற இந்தப் பெண்களை முன்னால் நிறுத்து என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் காரணத்துக்காக என் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

கே: மேடம், நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஆதார் கார்டு இல்லை, பழைய அட்ரஸுக்குப் போக முடியாது. மகனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது, காலேஜில் சேரப் போகிறான். அவன் மேல் கேஸ் வரும் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பயமுறுத்தியவர்கள் சட்டம் படித்தவர்கள் போல. 4ஆம் பிரிவு இருக்கிறது: 18 வயதுக்கு மேல் உள்ள யாரும் தெரிந்தே இந்த வருமானத்தில் வாழ்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. கூடவே குடியிருந்தால், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மாமா வேலை பார்ப்பவனைப் பிடிக்க எழுதிய பிரிவு, காலேஜ் ஃபீஸ் கட்டும் அம்மாவின் மகன் மேலும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயார் மேலும் பாயும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவையும் மாற்றி எழுத வேண்டும். நடைமுறையில் மகன்கள் மேல் தனியாகக் கேஸ் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, மிரட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படி யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் மாதாமாதம் வருவார்கள். அவன் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும், உதவித்தொகை வந்தால் அதிலேயே வரட்டும், பகுதிநேர வேலை பார்த்தால் அந்தச் சம்பளமும் அதிலேயே. ஹாஸ்டல் கிடைத்தால் ரொம்ப நல்லது.

ஆதாருக்கு முகவரிச் சான்று வேண்டாம். உங்கள் பகுதியில் எச்ஐவி தடுப்பு வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் கேளுங்கள், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் கையெழுத்திட்ட சான்றிதழ் போதும் என்று முதலில் சொன்ன அந்தக் கொல்கத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் யார் என்று காட்டும் எந்தக் குறியீடும் அட்டையில் இருக்காது. 2020 கொரோனா நேரத்தில் அடையாள அட்டை கேட்காமல் ரேஷன் கொடுக்கச் சொன்னதும் இதே வழக்கில்தான். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று யோசிக்காதீர்கள், எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் போடுங்கள், என்ன தொழில் என்று கேட்டால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.